நாலு இருபது நிழல்

பல் செட் செய்வது என் பிழைப்பு. ஊரில் இருக்கும் மூன்று பல் டாக்டர்களும் ஈறின் அச்சை எடுத்து என்னிடம் அனுப்புவார்கள். நான் மெழுகில் பல்லை அடுக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். வெள்ளை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பதினாறு வெள்ளை இருக்கிறது. டீ குடித்துப் பழுத்த வெள்ளை, புகை பிடித்துச் சலித்த வெள்ளை, வயதாகி மஞ்சளுக்குப் போன வெள்ளை. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் போதும், எந்த நம்பர் என்று சொல்லிவிடுவேன். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏழாம் நாளாவது கொஞ்சம் தூரத்தைப் பார்க்க வேண்டாமா? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவேன்.

இருபது வருடமாக ஒரே இடம்தான். அலைதடுப்புச் சுவரிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகளில் மூன்றாவது படி. அங்கே உட்கார்ந்தால் இடது பக்கம் கடல், வலது பக்கம் ஊரின் முதுகு: ஐஸ் ஃபேக்டரி, மீன் கிடங்கு, துணி காயும் மொட்டைமாடிகள். நடுவில் நீளமாக மணல். மணலில் படகுகள். படகுகளுக்கு நடுவில் அண்ணனின் கொட்டகை.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். பாறையில் மோதி ஓட்டையானது, வெயிலில் வெடித்தது, ஒன்றோடொன்று முட்டி மூக்கு உடைந்தது, எல்லாம் அவனிடம்தான் வரும். வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒருபக்கமாகச் சரிந்த தகரக் கூரை, முன்னால் படகைத் தூக்கச் சங்கிலி தொங்கும் இரண்டு கால் இரும்புச் சட்டம், அவ்வளவுதான் கொட்டகை. கூரைக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறான். நீலம் என்றால் கடல் நீலமோ வான நீலமோ இல்லை, பிளாஸ்டிக் வாளி நீலம். ஏன் இந்த நிறம் என்று ஒருமுறை கேட்டேன். “படகுக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு” என்றான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கூரையின் உயர்ந்த பக்கத்தில் ஒரு சின்ன அறையையும் ஏற்றினான். அந்த வருடம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு படியில் உட்கார முடியாமல் இருந்தது. அவனிடம் புலம்பியிருப்பேன் போல, எனக்கு நினைவில்லை. ஒட்டுப்பலகையில் சுவர், கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். “ஏறிப் பாரு” என்றான். ஏறினேன். கீழே ஒட்டுக்குப் பூசும் ரெசினின் நெடியில் நாலு தும்மல் தும்மினேன். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அடுத்த மாதமே அங்கே டின்களும் கண்ணாடிநார்ச் சுருள்களும் குடியேறின. இடுப்பு சரியானதும் நான் என் மூன்றாவது படிக்கே போய்விட்டேன்.

வெளியில் உட்கார்ந்து வரைகிறவளுக்குச் சூரியன்தான் முதலாளி. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் இடம் மாறிவிடும். வீடு ஓடாது, படகு ஓடாது, நிழல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நான் உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடத்தில் நிழல்களை மட்டும் போட்டுவிடுவேன். வெறும் பலகையில் ஊதாவும் நீலமும் கலந்த திட்டுகள், வேறு ஒன்றும் இருக்காது. பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிறவர்கள் இது என்ன கண்றாவி என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். அதன்பிறகு அந்த நிழல்களைத் தொடவே மாட்டேன். தொட்டால் நாலரை மணி வானத்தின் கீழே ஐந்தேகால் மணி நிழல் கிடக்கும், படம் பொய்யாகிவிடும். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

பொருள்கள் விஷயத்தில் அவ்வளவு கறார் கிடையாது. பிடிக்காததை விட்டுவிடுவேன். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, ஐஸ் ஃபேக்டரியின் விளம்பரப் பலகை, எதுவும் என் படத்தில் வராது. என் படம், என் இஷ்டம்.

படத்தின் பின்னால் தேதி, ஆரம்பித்த மணி, காற்று எந்தப் பக்கம், கடல் ஏற்றமா வற்றமா என்று எழுதிவைப்பேன். வருடத்துக்கு ஒருமுறை நூலக மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிக்கு ஒன்றிரண்டு படம் கொடுப்பேன். அவர்கள் பின்பக்கம் வட்டமாக ஒரு முத்திரை குத்தித் தேதி போட்டு வாங்கிக்கொள்வார்கள். விற்காத படங்கள் அதே முத்திரையோடு வீட்டுக்குத் திரும்பி வரும். பெரும்பாலும் எல்லாமே திரும்பி வரும்.

போன பிப்ரவரியில் அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது கரை நில அலுவலகம். தண்ணீரிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கட்டடம் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வந்து பதினாலு வருடம் ஆகிறதாம். அதற்கு முன்பே இருந்தவை நிற்கலாம், பின்னால் வந்தவை போக வேண்டும். முப்பது நாளுக்குள் சான்று காட்டாவிட்டால் கொட்டகையை இடிப்போம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

கொட்டகை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஊருக்கே தெரியும். ஆனால் காகிதத்துக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அனுமதி யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. மின்சாரம் ரொம்ப நாள் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வயர் இழுத்ததுதான், சொந்த மீட்டர் வந்தது பிற்பாடு. அண்ணி எடுத்துவைத்திருந்த போட்டோக்கள் ஒரு புயல் மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அட்டைக்கட்டி ஆகிவிட்டன. வானத்திலிருந்து எடுத்த படம் அலுவலகத்திலேயே இருந்தது. அதில் சரியாக நம் கடற்கரை மேல் ஒரு மேகம்.

“மேகத்துக்கு வேற எடமே கெடைக்கலயா?” என்றான் அண்ணன்.

சாட்சி சொல்ல முப்பது படகுக்காரர்கள் தயாராக இருந்தார்கள். எல்லாரும் அண்ணனிடம் வேலை கொடுக்கிறவர்கள், வாய் வார்த்தை செல்லாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்திலேயே தேதி போட்ட ஏதாவது ஒன்று வேண்டுமாம்.

வேறு இடத்தில் போட்டுக்கொள்வது லேசில்லை. தண்ணீரிலிருந்து நேராக இழுத்து ஏற்ற மணலில் இடம் இருந்தால்தான் படகு வரும், ஊருக்குள் யார் படகைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? ஐம்பத்தாறு வயதில் அண்ணனை யாரும் வேலைக்கு எடுக்கப் போவதில்லை. அவனுக்கும் ஒருத்தரின் கீழ் வேலை பார்க்கிற வாய் இல்லை. கொட்டகை போனால் எல்லாம் போயிற்று. இதை அவன் சொல்லவில்லை, அண்ணிதான் என்னிடம் போனில் சொன்னாள். சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஏம்மா, நீ இருபது வருஷமா அங்கதான உக்காந்து வரையுற? தேதி வேற போடுவியே!”

“ஆமா அண்ணி” என்றேன்.

“அப்புறம் என்ன! எல்லாத்தையும் எடுத்துட்டு வா!”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏதாவது ஒரு படத்தில் தவறிப்போயாவது கொட்டகையை வரைந்திருக்க மாட்டேனா என்று ஒரு நப்பாசை. விதி வருவதற்கு முந்தைய, நூலக முத்திரை உள்ள படங்கள் பதினொன்று இருந்தன. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் காயவைத்திருந்தாள். பதினொன்றையும் வரிசையாகப் பரப்பினோம்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று பார்த்தான். கடைசிப் படம்வரை போய், மறுபடி முதல் படத்துக்கு வந்தான்.

“ஷெட்டு எங்க?” என்றான்.

அண்ணி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது ஐஸ் ஃபேக்டரி. இது கெடங்கு. இது படகு கட்டுற கல்லு.” அவன் விரல் பலகையைத் தொடாமல் மேலே நகர்ந்தது. “இந்தக் கல்லுக்குப் பின்னாடிதான ஷெட்டு. இங்க கடலப் போட்டிருக்க?”

“அந்த நீலம் வானத்தோட சண்ட போடும்ணா. அதான் விட்டுட்டேன்.”

“பதினொண்ணுலயுமா?”

“ஆமா.”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவன் கோபப்படவில்லை.

“ஞாயித்துக்கெழமையானா நான் ஷெட்டு வாசல்ல நின்னு ஒனக்குக் கை காட்டுவேன். நீயும் கைய நீட்டி பிரஷ்ஷத் தூக்கிக் காட்டுவ. நம்மளத்தான் தங்கச்சி வரையுறான்னு நெனச்சுக்குவேன்” என்றான்.

கை நீட்டித் தூரிகையைத் தூக்குவது உண்மைதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரிகைக் காம்பில் கட்டைவிரலை வைத்து, ஐஸ் ஃபேக்டரி எத்தனை உயரம், கிடங்கு அதில் எத்தனை பங்கு என்று அளப்பேன். வரைகிறவர்கள் எல்லாரும் செய்வது. அவன் கை காட்டியதை நான் ஒருநாளும் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அதையும் சேர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். அண்ணி படங்களைத் திரும்பத் துணியில் சுற்றினாள். ஒன்றை மட்டும் சுற்றாமல் கையில் வைத்துக்கொண்டாள். மார்ச் ஒன்பதாம் தேதி போட்டது, பதினாறு வருடப் பழசு.

“பின்னாடி முத்திரை இருக்கு. தேதி இருக்கு. முன்னாடி மட்டும்தான் இல்ல” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். “ஒன் படம். ஒன் கை. நீ போட்டா யாருக்குத் தெரியப்போவுது? இல்லாததையா போடச் சொல்றேன்? இருந்ததுதான?”

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. அதுதான் சங்கடம்.

மறுநாள் மதியம் பட்டறையில் வேலையை ஓரம் கட்டிவிட்டு அந்தப் படத்தை மேஜை மேல் சாய்த்தேன். நான் பயன்படுத்துவது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் வண்ணம். பழைய பெயின்டோடு புதிய பெயின்டைப் பொருத்துவது எனக்கு ஒரு வேலையே இல்லை. அறுபது வயதுக்காரரின் சொந்தப் பல்லுக்கு நடுவில் புதுப்பல்லை வைத்தால், கட்டின டாக்டரே கண்டுபிடிக்க முடியாமல் செய்கிறவள் நான். வாளி நீலத்தைக் கலந்தேன். பழசாகத் தெரிய ஒரு துளி சாம்பல் விட்டேன். கூரையின் சரிவு எங்கே தொடங்க வேண்டும் என்று பார்க்கக் குனிந்தேன்.

மணலில் ஒரு நிழல் கிடந்தது.

ஊதா நிழல். கிடங்கிலிருந்து வந்ததில்லை, கிடங்கு தூரம். படகுகளுக்கு அதனதன் நிழல் தனியாக இருந்தது. இது பெரியது, ஒரு பக்கம் சரிந்தது. சரிவின் நுனி படகு கட்டும் கல்லின் இடுப்பில் ஏறி முடிந்திருந்தது. முன்னால் குச்சி குச்சியாக இரண்டு கோடுகள், மேலே ஒரு குறுக்குக் கோடு. செயின் தொங்கும் இரும்புச் சட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் வழக்கம்போல எல்லா நிழல்களையும் போட்டிருக்கிறேன், கொட்டகையின் நிழல் உட்பட. ஒரு மணி நேரம் கழித்துக் கொட்டகையின் முறை வந்தபோது அது வேண்டாம் என்று அந்த இடத்தில் கடலைப் பூசியிருக்கிறேன். போட்ட நிழலைத் தொடக் கூடாது என்பதால் நிழல் அப்படியே நின்றுவிட்டது. பதினாறு வருடமாக ஆளில்லாமல் அது மணலில் கிடக்கிறது, ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை. கண்காட்சி நடுவர் அந்தப் படத்துக்கு ஆறுதல் பரிசு கொடுத்து, ‘முன்புறத்தில் காரணமின்றிக் கவியும் இருள் மனித வாழ்வின் வெறுமையைச் சொல்கிறது’ என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். வெறுமையாவது ஒன்றாவது, அது அண்ணனின் தகரக் கூரை.

கலந்த நீலத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுப் படத்தோடு அண்ணனிடம் ஓடினேன். ஓடினேன் என்றால் ஐம்பத்து மூன்று வயதில் எப்படி ஓட முடியுமோ அப்படி.

அவனையும் கூட்டிக்கொண்டு கரை நில அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். வெயிலில் கறுத்த கை, பல் இரண்டாம் நம்பர், நல்ல பராமரிப்பு. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். நூலகத்துக்குப் போன் போட்டுப் பழைய பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

“நிழல வச்சு ஒரு கட்டடத்தக் காட்டுறது இதான் மொதல் தடவை. ரெண்டு மணி நேரம் வரைவீங்கன்னு சொல்றீங்க. இது எத்தன மணி நிழல்?” என்று கேட்டார்.

“பின்னால எழுதியிருக்கிற மணிதான் மேடம். நாலு இருபது. மொத பத்து நிமிஷத்துல நிழலப் போட்டுடுவேன். அப்புறம் தொடமாட்டேன்.”

“கொட்டகையவே விட்டவங்க நிழல மாத்தியிருக்க மாட்டீங்கன்னு எப்படி நம்புறது?”

“நிழல்ல நான் கை வைக்கிறதில்ல மேடம். பத்து படம் வீட்ல இருக்கு. எந்தத் தேதி, எந்த மணின்னாலும் சரிபாருங்க.”

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். மார்ச் ஒன்பதுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. வருடம் மாறினாலும் அதே தேதியில், அதே மணிக்குச் சூரியன் அதே இடத்தில்தான் நிற்கும். “அன்னிக்கே வந்து பாத்துடலாம். கல்லு நகர்ந்திருக்காதில்ல?” என்றார்.

“எங்க தாத்தா காலத்துலேருந்து நகரல” என்றான் அண்ணன்.

அந்த எட்டு நாளும் அவன் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே ஒரு மேகத்திடம் ஏமாந்தவன். ஒன்பதாம் தேதி வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதிகாரி அளவு நாடாவோடும், கூட ஓர் உதவியாளரோடும் நாலு மணிக்கே வந்துவிட்டார். நான் படத்தோடு மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார். அண்ணனும் அண்ணியும் மணலில், கல்லுக்குப் பக்கத்தில். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்க, நிழல் கடலைப் பார்த்து நீண்டது. சுவர் நிழல் எட்டாத தூரத்தில் கல் தனியாக வெயிலில் நின்றது. நாலு பத்துக்குச் சரிவின் ஓரம் கல்லின் அடியைத் தொட்டது. நாலு பதினைந்துக்கு முழங்கால். நாலு இருபதுக்குச் சரியாக இடுப்பு.

அதிகாரி படத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். “அடேயப்பா” என்றார். அலுவலகத்தில் கேட்க முடியாத குரல் அது.

அண்ணி அங்கிருந்தே கைகூப்பிவிட்டாள். அப்போது அதிகாரி படி இறங்கி மணலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“இது என்ன?” என்றார்.

நிழல் கல்லோடு முடியவில்லை. கல்லுக்கு வலப்பக்கம், கூரையின் உயர்ந்த முனையிலிருந்து சதுரமாக ஒரு நிழல் தனியாக நீண்டு ஈர மணல்வரை போயிருந்தது. படத்தில் அந்த இடத்தில் வெறும் வெயில். மேல் அறை. எனக்கு அதுவரை அது ஞாபகத்துக்கே வரவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்தது, அவனுக்கு எட்டு நாளும் ஞாபகம் இருந்திருக்கிறது.

“கொட்டகையில பிற்பாடு எதுவும் சேக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க” என்றார் அதிகாரி அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இந்த ரூம நீங்க வரையும்போது விட்டுட்டீங்களா? இல்ல, அப்ப இது இல்லவே இல்லையா?”

அண்ணி என்னைப் பார்த்தாள். விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் அறை பிழைக்கும். விடுவதில் நான் பேர் பெற்றவள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் நிழலில் ஒரு சதுரத்தை விட்டவள் ஒரு சரிவைச் சேர்த்திருக்க மாட்டாள் என்று எப்படி நம்புவார்கள்? அறையைக் காப்பாற்றினால் கொட்டகை போகும். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வதாகும். வாயில் உண்மைதான் முதலில் வந்தது.

“அப்ப இல்ல மேடம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி கட்டினது.”

“எதுக்கு?”

அண்ணன் கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். நான்தான் சொன்னேன்.

“எனக்காக. உக்காந்து வரையுறதுக்கு.”

அதிகாரி மேலே அந்தப் பெரிய ஜன்னலைப் பார்த்தார். உதவியாளர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

“கீழ இருக்கிறது நிக்கலாம். மேல கட்டினத எடுத்துடணும். நீங்களே பிரிச்சிட்டா எழுதிக் குடுத்ததப் பத்தி நான் மேற்கொண்டு போகல” என்றார். நியாயமானவர்தான். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை.

அடுத்த இரண்டு நாளில் அண்ணனே அறையைப் பிரித்தான். நான் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு டின்களை இறக்க உதவினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் இரண்டாவது தடவையாக அந்த ஏணியில் ஏறுகிறேன். டின்களை எடுக்க எடுக்கச் சுவரோரம் ஒரு அலமாரி தெரிந்தது. சாதாரண அலமாரி இல்லை. மரச்சட்டம் அடித்து, நெருக்க நெருக்கமாகக் குறுகிய தடுப்புகள். அதன் மேல் பலகையைப் போட்டு டின் அடுக்கியிருந்தான், அதனால் கண்ணில் படவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பையில் இருந்த வெறும் பலகையை எடுத்து ஒரு தடுப்பில் செருகினேன். என் பலகையின் அளவு பதினாறுக்குப் பன்னிரண்டு அங்குலம். கொஞ்சமும் இடிக்காமல், ஆடாமல் உள்ளே போனது. தடுப்புகளை எண்ணினேன், ஐம்பத்திரண்டு இருந்தன. வருடத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்.

அன்றைக்கு நாலு தும்மல் தும்மிவிட்டு இறங்கினவள், திரும்பி இந்தச் சுவரைக்கூடப் பார்க்கவில்லை. அவனும் காட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கீழே அவன் சுத்தியலால் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் ஏன் தண்ணீர் என்று அவன் கேட்டால் ரெசின் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு மூன்றாவது படிக்குப் போனேன். கொட்டகை பழைய மொட்டைக் கூரையோடு நின்றது. முதலில் நிழல்களைப் போட்டேன். சரிவு, இரண்டு கால், குறுக்குச் சட்டம். சதுரம் இல்லை, அது இப்போது விழுவதில்லை. அதன்பிறகு வானம், கடல், மணல், கல். பிறகு கொட்டகை. நீலத்தை நான் கலக்கவே இல்லை. அண்ணனின் பழைய டின்னிலிருந்து ஒரு கரண்டி வழித்துக்கொண்டு வந்திருந்தேன். வானத்தோடு சண்டை போட்டது. போடட்டும் என்று விட்டேன். கூரையின் உயர்ந்த முனைக்கு வந்தபோது தூரிகை நிற்கவில்லை. ஒட்டுப்பலகைச் சுவர், பெரிய ஜன்னல், எல்லாம் வந்தது.

ஆறு மணிவாக்கில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு படிக்கு வந்தான். இருபது வருடத்தில் அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. படத்தை எட்டிப் பார்த்தான்.

“நீலம் சரியா இருக்கு” என்றான்.

“ஒன் டின்னுதான்.”

“மேல் ரூம போட்டிருக்க.”

“ஆமா.”

இப்போது அவனுக்கும் நிழல் பார்க்கப் பழகிவிட்டது. விரல் மணலில் எதையோ தேடியது. “ரூம் இருக்கு. ரூமோட நிழலக் காணோமே?”

“பிரிச்சதுக்கு எப்படிண்ணா நிழல் விழும்?”

அவன் பலகையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். “காஞ்சிருச்சா? அண்ணிகிட்ட காட்டணும்” என்று கேட்டான். காய்ந்துவிட்டது என்றேன். படத்தை ஓரத்தில் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தான். வாசலில் அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு திரும்பி நின்று கையைத் தூக்கிக் காட்டினான்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் நன்றாகவே தெரிந்தது. என் கையில் தூரிகை இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையைத் தூக்கிக் காட்டினேன்.